கசகசா அளவில் ஓர் எலுமிச்சை

சாருலதா நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்கிறவள் அல்ல. கல்யாணப் பந்தியில் தன் இலையைத் தாண்டிப் பாயசம் போய்விட்டால்கூடக் கூப்பிடமாட்டாள். மோர் சாதத்தோடு எழுந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் போன வருஷம் விஜயதசமியன்று, அடையாற்றில் ஒரு பள்ளிக்கூட அரங்கில், நாற்பது ஆண்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, "இந்த வண்டி தப்பு" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

அது, மாதிரி வண்டிகள் செய்கிறவர்களின் சங்கம். 'கிட்' என்கிற பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும் ராணுவ டாங்கியையும் ஜீப்பையும் லாரியையும் தேய்த்து, ஒட்டி, வண்ணம் அடித்து, நிஜ வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவுக்கு நிறுத்துவது அவர்கள் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று வெளியாட்கள்தான் சொல்வார்கள். சங்கத்துக்காரர்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரும் செய்ததை மேஜைகளில் பரப்பிப் பரிசு கொடுப்பார்கள். அந்த வருஷத்து முதல் பரிசு அனிருத்துக்கு. பெருங்குடியில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன், முப்பது வயது, வண்ணம் அடிப்பதில் மன்னன். அவன் செய்திருந்தது நம் ராணுவத்தின் பழைய சக்திமான் லாரி. கதவோரத்தில் துரு, கண்ணாடியில் துடைப்பான் போன வளைவு, சக்கரத்தில் பாலைவனப் புழுதி. கிட்டப் போய்ப் பார்த்தால் தும்மல் வரும். எல்லாம் சரி; ஸ்டியரிங் மட்டும் இடது பக்கம் இருந்தது.

"எது தப்பு மாமி?" என்றான் அனிருத். கையில் பரிசுக் கோப்பை இருந்ததால் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"நம்ம ஊர் லாரிக்கு ஸ்டியரிங் வலது பக்கம்தானே?"

"பெட்டில அப்படித்தான் வந்துது. இந்தியன் ஆர்மின்னு மேலேயே போட்டிருக்கான். கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா?"

"அவன் வேற தேசத்து லாரியை அப்படியே வார்த்து, நம்ம நம்பரை ஒட்டிக் குடுத்திருக்கான். மூக்கும் குட்டை. சக்கரமும் சின்னது."

யாரோ பின்னாலிருந்து, "மாமி ஆர்டிஓ ஆபீஸா?" என்றார்கள். அரங்கம் சிரித்தது. அனிருத் கோப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அப்ப நீங்களே சரிபண்ணிக் கொண்டுவாங்களேன். இதே கிட்டு. அடுத்த வருஷம் இதே மேஜை."

"கொண்டுவரேன்."

"வரலேன்னா?"

"வரலேன்னா அப்புறம் நான் இங்க வரவே மாட்டேன்."

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எதைப் பந்தயம் வைத்தோம் என்று அவளுக்கு உறைத்தது. சங்கத்துக்கு வராமல் இருப்பது பெரிய நஷ்டமா என்று கேட்டால், மற்றவர்களுக்கு இல்லை. அவளுக்கு உண்டு.

சாருலதாவுக்கு வேலை தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில், பல் செய்கிற லேபில். நகரத்துப் பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் செதுக்கி, அக்ரிலிக்கிலோ பீங்கானிலோ பல்லாக்கி அனுப்புவாள். நங்கநல்லூரிலிருந்து கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்த பதினைந்து வருஷமாக இதே வேலை. அவள் செய்த பற்கள் எத்தனையோ வாய்களில் முறுக்குக் கடிக்கின்றன. எத்தனையோ கல்யாண ஆல்பங்களில் சிரிக்கின்றன. செய்தவள் பெயர் அந்த வாய் எதற்கும் தெரியாது. நல்ல பல்லுக்கு லட்சணமே, அதை ஒருவர் செய்தார் என்று தெரியாமல் இருப்பதுதான்.

கண்காட்சி மேஜையில் மட்டும் ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஓர் அட்டை நிற்கும். அதில் செய்தவர் பெயர் இருக்கும். தம்பி பிள்ளைக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த ஜீப் கிட்டை அவன் பிரித்துப் பார்த்துவிட்டுப் பரணில் போட, அதை இவள் எடுத்து வந்து ஒட்டி முடித்து, விளம்பரம் பார்த்து முதல் முறை அந்தக் கண்காட்சிக்குப் போன அன்று, அட்டையில் 'சாருலதா' என்று அச்சில் பார்த்தாள். அந்த அட்டை இன்னும் அவள் கைப்பையில் இருக்கிறது. இனி அதை விடுவதா?

*

"இன்னா சாரு, சபதம் போட்டு வந்துகினியா?" என்றாள் கமர் ஜஹான். லேபில் உலையும் வார்ப்பும் அவள் பொறுப்பு, ராயப்பேட்டைக்காரி, சாருலதா பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவளே பேசிவிடுவாள். "கூந்தல் முடிய மாட்டேன்னு சொன்னியா இல்லியா? அத்தயும் சொல்லியிருக்கலாம்ல!"

"கிண்டல் பண்ணாதே கமர். நிஜ வண்டியை எங்கயாவது பாக்கணும். அளவு எடுக்கணும்."

"அவ்ளோதானே? புதுப்பேட்டைல எங்க மாமா கரீமுல்லா கடை கீது. ஏலத்துல எடுத்த பழைய மில்ட்ரி வண்டி ஒண்ணு வருஷக்கணக்கா அங்கயே நின்னுகினு கீது. வா."

புதுப்பேட்டையில், கழற்றிப் போட்ட கார்க் கதவுகளுக்கும் ரேடியேட்டர்களுக்கும் பின்னால், அது நின்றது. சக்கரம் இல்லை, எஞ்சின் இல்லை, சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. ஆனால் மூக்கு இருந்தது, மட்கார்டு இருந்தது, வலது பக்கம் ஸ்டியரிங் தண்டும் இருந்தது. பின்னால் சரக்குத் தொட்டி இல்லை. அதற்குப் பதில் தகரக் கூடு. பக்கவாட்டுக் கதவைத் தூக்கினால் உள்ளே இழுப்பறைகளும் பட்டறைப் பலகையும். போகிற இடத்திலேயே மற்ற வண்டிகளைப் பழுதுபார்க்கிற பட்டறை வண்டி அது. சாருலதா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வெறும் சரக்கு லாரியைச் செய்து காட்டுவதைவிட இதைச் செய்தால் என்ன என்று அங்கேயே மனசில் விழுந்துவிட்டது. நம்மைப்போலவே இது, மற்றவற்றைச் சரிசெய்துகொண்டு பின்வரிசையில் நிற்கிறது.

அவள் கைப்பையிலிருந்து லேபின் அளவுகோலை எடுத்து ரேடியேட்டர் முகப்பின் கம்பிகளுக்கு நடுவே விட்டு அளப்பதைக் கரீமுல்லா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா கமரு, உன் சிநேகிதி வண்டிக்குப் பல்லு கட்டப் போவுதா?"

"ஆமா மாமூ. ஃபுல் செட்டு."

அதற்கப்புறம் பத்து மாதம். கிட்டின் மூக்கை நடுவில் அறுத்து நீளம் கூட்டினாள். கூட்டிய இடத்தில் பல்லுக்குச் செதுக்குவதுபோல மெழுகில் செதுக்கி, அச்செடுத்து வார்த்தாள். மட்கார்டின் வளைவை அளந்து, அதற்கேற்ப ஒரு சக்கரத்தை மெழுகால் பெரிதாக்கினாள்; அதிலிருந்து அச்செடுத்து எல்லாச் சக்கரத்தையும் கமர் வார்த்துக் கொடுத்தாள். லேபில் கிடைத்தது பல் செட்டுக்கான அக்ரிலிக். அதனால் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து சக்கரமும் ஈறு நிறத்தில், இளஞ்சிவப்பாக வந்து விழுந்தன.

"மாஷா அல்லா," என்றாள் கமர். "சிரிக்குது பாரு டயரு." கறுப்பு வண்ணம் இரண்டு பூச்சு அடித்துத்தான் அந்தச் சிரிப்பை மூடவேண்டியிருந்தது.

தேய்ந்துபோன பல் துளைக்கும் ஊசிகள் பட்டறைத் துளைப்பானின் அலகுகளாயின. பல்லுக்குக் கிளிப் போடுகிற கம்பி, பின்புற ஏணி ஆயிற்று. இழுப்பறைகள் திறந்து மூடின. கதவுகள் தூக்கி நின்றன. ஓட்டுநர் பக்கத்துக் கதவை மட்டும் அகலத் திறந்தபடி ஒட்டினாள். ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று யாரும் குனிந்து தேடவேண்டாம்.

அந்த ஸ்டியரிங்கை மாற்றுவதுதான் அவளுக்கு வெகு சுலபமாக இருந்தது. வலப்பக்கக் கடைவாய்ப் பல் ஒருவருக்குப் போய்விட்டால், இடப்பக்கம் இருப்பதைப் பார்த்து அதைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் செய்வார்கள். பதினைந்து வருஷமாகக் கை அப்படியே பழகியிருக்கிறது. கிட்டின் இடப்பக்கத்தில் இருந்தது அத்தனையையும் அதேபோல வலப்பக்கத்துக்குத் திருப்பிவைத்தாள். ஸ்டியரிங், வேகமும் எண்ணெயும் காட்டும் முள் டப்பாக்கள், தரையில் மூன்று மிதிகட்டைகள். மிதிகட்டைகளை லேப் வழக்கப்படி மெழுகு தொட்டு நிறுத்தியிருந்தாள், கடைசியில் பசை போட்டுக்கொள்ளலாம் என்று.

*

கண்காட்சிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. காலையில் லேபில் பூஜை. முதலாளி வரச் சொல்லியிருந்ததால் போய், உலைக்கும் அரவை இயந்திரங்களுக்கும் பொட்டு வைத்துப் பொரி கடலைப் பொட்டலத்தோடு மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். தெற்கு மாட வீதிக்குப் பின்னால் இரண்டாம் மாடியில் அவர்கள் வீடு. கூடத்தில் கொலுவுக்கு முன்னால் மணைபோட்டு, அதன்மேல் மாமியார் விசாலாக்ஷி எல்லாவற்றையும் அடுக்கிவைத்திருந்தாள். புத்தகங்கள், வீணை, கத்தரிக்கோல், அரிவாள்மணை, மகன் வெங்கடரமணனின் லேப்டாப். அவற்றோடு சாருலதாவின் கத்தி, அரம், இடுக்கி, தூரிகைகள், வண்ணம் தெளிக்கிற குழல். எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும்.

நடுவில், பட்டுத்துணிமேல், சக்திமான்.

பத்து மாதத்து மூக்கின் நட்டநடுவில், பச்சை வண்ணத்தின்மேல், ஆள்காட்டி விரல் நுனி அளவுக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"வண்டியாச்சே, விட்டுடப்படாதுன்னு வச்சேன்," என்றாள் விசாலாக்ஷி பெருமையாக. "நம்மாத்துக் காருக்கு முன்னாடி இதுக்குத்தான் முதல் பொட்டு!"

சாருலதா மணைக்கு முன்னால் குனிந்தாள். வேறொருத்தி என்றால் அழுதிருப்பாள். இவள் மனசு தன்பாட்டுக்குப் பெருக்கிப் பார்த்தது. அந்தப் பொட்டை முப்பத்தைந்தால் பெருக்கினால் சாப்பாட்டுத் தட்டு. நிஜ லாரியின் மூக்கில் தட்டு அகலத்துக்கு யாராவது பொட்டு வைப்பார்களா? ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுத்துப் பார்த்தாள். குங்குமம் வந்தது, சந்தனமும் முக்கால்வாசி வந்தது. கால்வாசி மங்கலான வட்டமாய் வண்ணத்தில் ஊறி நின்றுவிட்டது. திரும்ப வண்ணம் அடித்தால் போய்விடும். அடிக்கிற குழல், நெற்றியில் பொட்டோடு, சரஸ்வதி காலடியில் படுத்திருந்தது.

"ஏதானும் தப்பாயிடுத்தா?" என்றாள் விசாலாக்ஷி, முகம் பார்த்து.

"இல்லேம்மா."

வெங்கடரமணன் மனைவியின் 'இல்லே'க்களில் எது எது என்று தெரிந்தவர். "வா சாரு, கீழ போய்க் காரை எடுத்துட்டு வருவோம். எலுமிச்சம்பழம் வச்சாச்சு," என்று அழைத்துப்போனார்.

காருக்கு மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் பழம் வைத்திருந்தது. அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். பேச ஒன்றுமில்லாததால் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த கண்ணுக்கு எதிரே அவர் கால்கள்.

இடது கால் ஒன்றை மிதித்தது. வலது கால் நடுவிலிருந்து வலப்பக்கம் நகர்ந்தது. கார் உறுமியது. நான்கு பழமும் சட்சட்டென்று நசுங்கின.

"நிறுத்துங்கோ," என்றாள் சாருலதா.

"ஏன்?"

"ஆக்ஸிலரேட்டர் எந்தக் கால்?"

"வலது கால்."

"ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருக்கற வண்டில?"

"அதுலயும் வலது கால்தான். எந்த ஊர் வண்டியானாலும் கிளட்ச் இடது, ஆக்ஸிலரேட்டர் வலது. அது மாறாது. ஏன் கேக்கறே?"

அவள் வாழ்க்கையில் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் போனவள். கார் ஓட்டினவள் அல்ல. கண்ணாடியில் பார்த்துத் திருப்புவதுபோல மிதிகட்டைகளையும் திருப்பிவிட்டாள். அவள் வண்டியில் ஆக்ஸிலரேட்டர் இடது கோடியில் இருந்தது. அதுவும் அகலத் திறந்த கதவுக்கு நேர் எதிரே. பிறர் வண்டியைத் தப்பு என்று நாற்பது பேர் முன்னால் சொன்னவள்!

வெங்கடரமணன் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். பிறகு அவள் முகத்தைப் பார்த்ததும், பாடுபடத் தேவையில்லாமல் போயிற்று. மாடியேறும்போது தட்டளவுப் பொட்டைப் பற்றியும் அவள் அவரிடம் சொல்லிவிட்டாள்.

*

"அம்மா, அந்தச் சின்ன இடுக்கியை மட்டும் எடுத்துக்கட்டுமா?"

"இன்னிக்கா? நன்னாயிருக்கே! சரஸ்வதிகிட்ட வச்சதை நாளைக்குப் புனர்பூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும்."

"புனர்பூஜைக்குள்ள நான் கிளம்பியாகணும்மா. அங்க காலம்பரவே கொண்டு வச்சுடணும்."

விசாலாக்ஷி யோசித்தாள். மருமகள் இத்தனை வருஷத்தில் ஒன்று வேண்டும் என்று கேட்டதே அபூர்வம். ஆனாலும் வழக்கம் வழக்கம். "கத்தி கூடாது. அரம் கூடாது. குழலும் கூடாது."

சாருலதா தன் விரலைப் பார்த்தாள். "நகம்?"

"நகத்துக்கென்ன?"

"நகம் ஆயுதமா?"

விசாலாக்ஷி கொலுப்படியை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். "நரசிம்மருக்கு ஆயுதந்தான்," என்றாள் தீர்ப்புச் சொல்கிற குரலில். "நோக்கு இல்லே."

சாருலதா சுண்டுவிரல் நகத்தைத் திறந்த கதவுக்குள் விட்டாள். மெழுகு பிடி தளர்ந்து, மூன்று மிதிகட்டைகளும் ஒவ்வொன்றாகத் துள்ளி உள்ளங்கையில் விழுந்தன. பசை போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். குத்துவிளக்குச் சூட்டில் மெழுகை இளக்கி, பூஜைப் பூவின் காம்பு நுனியில் தொட்டுத் தொட்டு, இடது கோடியில் கிளட்ச், நடுவில் பிரேக், வலது கோடியில் ஆக்ஸிலரேட்டர். மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை எடுத்தாள். நின்றன.

மீதி, மூக்கில் ஊறிய வட்டம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கீழே நசுங்கிய பழத்தின் வாசனை ஞாபகம் வந்தது. அழிக்கமுடியாது, ஆனால் அழிப்பானேன்? பட்டறை வண்டி, உள்ளே முழுக்க ஆயுதம். ஆயுத பூஜையன்று எந்த முகாமில்தான் அதை வெறும் நெற்றியோடு விட்டிருப்பார்கள்? பொட்டு தப்பில்லை. பொட்டின் அளவுதான் தப்பு.

"அம்மா, கசகசா இருக்கா?"

"எதுக்குடீ?"

"எலுமிச்சம்பழத்துக்கு."

விசாலாக்ஷி மருமகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சாருலதா விளக்கினாள். ஒரு கசகசா ஒரு மில்லிமீட்டர். முப்பத்தைந்து மடங்கானால் ஒரு நல்ல எலுமிச்சம்பழம். கிழவிக்குக் கணக்கு சட்டென்று பிடிபட்டுவிட்டது. கண் பளபளத்தது.

"அப்போ சாமந்திப்பூவுக்கு?"

"நீங்கதான் சொல்லணும்."

"ரவை! பெரிய ரவையைச் சலிச்சு, மஞ்சள் ஜலத்துல போட்டா சாமந்திதான்!" என்று சமையலறைக்குள் ஓடினாள், முழங்கால் வலியை மணைப்பக்கத்திலேயே விட்டுவிட்டு.

சாயங்காலம் முழுக்க இருவரும் சாப்பாட்டு மேஜையில் தலையோடு தலை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். பூக்காரி கொடுத்த வாழைநாரை நகத்தால் கிழித்துக் கிழித்து மயிரிழையாக்கினாள் சாருலதா. அதில் மைதாப் பசை தடவி, மஞ்சள் ரவையை ஒவ்வொன்றாக ஒட்டினாள் விசாலாக்ஷி. நாற்பது வருஷம் தினமும் பூத்தொடுத்த கை, இடைவெளி தப்பவில்லை. மாலை மூக்கின்மேல் வளைந்து விழுந்து, ஊறிய வட்டத்தை மூடிக்கொண்டது. புதுத் துடைப்பத்தின் ஈர்க்குநுனியில் சந்தனம் தொட்டு, ஒவ்வொரு கதவிலும் கடுகளவு பொட்டு வைத்தாள் சாருலதா. மஞ்சளில் தோய்த்த நான்கு கசகசா, நான்கு சக்கரத்துக்கு முன்னால்.

"இப்போ தட்டு மாதிரி இல்லையே?" என்றாள் விசாலாக்ஷி.

"யார் சொன்னா உங்களுக்கு, தட்டுன்னு?"

"ரமணன்தான். சொல்லப்படாதுன்னு சொல்லிண்டே சொன்னான்."

*

விஜயதசமி காலை. மெட்ரோ வேலைக்குப் போட்ட தடுப்புகளுக்கு நடுவே, அரிசியில் எழுதப் போகும் குழந்தைகளையும் அவர்களை ஏந்திய அப்பாக்களையும் தாண்டி, ஆட்டோ நெளிந்து போயிற்று. மடியில் அட்டைப் பெட்டி.

"இன்னாம்மா, கேக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"லாரி."

"ஆட்டோக்குள்ள லாரியா? ஓவர்லோடுன்னு புட்ச்சிட மாட்டான்?" என்றவர், அதற்கப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் பூவைக் கீழே வைப்பதுபோல இறக்கி ஏற்றினார். திரு.வி.க. பாலத்தில் ஆற்றுக்காற்று அடித்தபோது சாருலதா பெட்டியின்மேல் குனிந்து மூடிக்கொண்டாள். உள்ளே பறக்கக்கூடிய சாமந்திகள் இருந்தன.

அரங்க வாசலில் கமர் ஜஹான் நின்றிருந்தாள். "நான் வரலேன்னா நீ ஓடிப்பூடுவேன்னு வந்தேன்," என்றாள்.

அதே மேஜை. அட்டையில் 'சாருலதா – சக்திமான் பட்டறை வண்டி'. அனிருத் வந்தான். முதலில் ஸ்டியரிங்கைப் பார்த்தான். அப்புறம் மூக்கை, சக்கரத்தை. முகத்தில் சிரிப்புக் குறைந்துகொண்டே வந்தது. மாலையைப் பார்த்ததும் மறுபடி மலர்ந்தது.

"மாமி, கிட்டை மாத்தறதுன்னா வண்டியை மாத்தறது. நீங்க கொலு வச்சுக் கொண்டுவந்துட்டீங்களே! சுண்டல் எங்க?"

பழைய சிரிப்பு பழையபடி எழுந்தது. "சுண்டல் உனக்கு அப்புறம் கீது நைனா," என்றாள் கமர். சாருலதா அவள் கையை அழுத்தி அடக்கினாள்.

அந்த வருஷம் நடுவராக வந்தவர் பீர் முஹம்மது. ராணுவத்தில் வண்டிகள் பழுதுபார்க்கிற பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர். மேஜை மேஜையாக ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தவர், இங்கே நின்றார். சட்டைப்பையிலிருந்து பேனா அளவு டார்ச்சை எடுத்து, கதவுக்குள் அடித்தார். வலது காலை லேசாகத் தரையில் தட்டினார். அவர் உதடு அசைவது சாருலதாவுக்குத் தெரிந்தது.

"கிளட்ச். பிரேக். ஆக்ஸிலரேட்டர்."

அவள் தன் சுண்டுவிரல் நகத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டாள்.

அவர் பின்னால் போனார். இழுப்பறைகளைப் பார்த்தார். துளைப்பானைப் பார்த்தார். சக்கரத்தின் முன் குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கசகசாவைப் பார்த்தார். பிறகு மூக்குப் பக்கம் வந்து இன்னும் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். மூச்சை உள்ளே இழுத்தார். மறுபடி இழுத்தார்.

"சந்தனமா?"

"ஆமா சார். நிஜச் சந்தனம்."

"யாரும்மா இத செஞ்சது?"

"நான்தான் சார்." வாயிலிருந்து குரல் வந்துவிட்டது, அவளே எதிர்பார்க்காத அளவுக்குத் தெளிவாக.

அவர் நிமிர்ந்தார். "எங்க யூனிட்ல ஆயுத பூஜை அன்னிக்கு வண்டிக்கெல்லாம் பொட்டு வைக்கறது என் டூட்டி. ஹவில்தார் சொல்லுவாரு, பீரு கைதான் நடுங்காது, வரிசையா இருக்கும்னு. அன்னிக்குப் பூரா உடுப்புல இந்த வாசனதான் அடிக்கும்." அனிருத் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க இன்னாவோ சொன்னீங்களே, கொலுன்னு?"

"இல்ல சார், ரூல் என்னன்னா..."

"ரூலு கரெக்டுதான். வண்டியத்தான் பாக்கணும். பாத்துட்டேன். மூக்கு சரி, சக்கரம் சரி, ஓட்டறவன் உக்கார்ற எடம் சரி, மெறிக்கிற கட்ட சரி. நான் ஏறி உக்காந்தா இந்த வண்டி கெளம்பும்." அவர் டார்ச்சை அணைத்தார். "எலுமிச்ச வச்சாச்சு. அப்புறம் கெளம்பாம இருக்குமா?"

இந்த முறை அரங்கம் அனிருத் பக்கம் பார்த்துச் சிரித்தது. கமர் ஜஹான் கைதட்ட ஆரம்பித்தாள். அவள் ஆரம்பித்தால் யாரும் சும்மா நிற்க முடியாது.

முதல் பரிசுக்கு அவள் பெயரை ஒலிபெருக்கியில் இரண்டு தடவை சொன்னார்கள். முதல் தடவை அவள் அசையவில்லை. இன்னொரு தடவை கேட்கட்டும் என்றுதான்.

கோப்பையோடு இறங்கும்போது அனிருத் எதிரே வந்தான். இந்த வருஷம் கோப்பை இல்லாத கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். "மாமி, நான் போன வருஷம் பேசினது... சரி, விடுங்க. அந்த டயர் மாதிரியே ஒரு செட்டு வார்த்துக் கிடைக்குமா? என்னோட லாரியையும் சரிபண்ணிடறேன்."

"தரேன்," என்றாள். "ஆனா டயர் இளஞ்சிவப்பாத்தான் வரும், பயந்துடாதீங்க. அப்புறம், மாமி வேண்டாம். என் பேர் அட்டையில போட்டிருக்கு."

அவன் திரும்பி அட்டையைப் பார்த்தான். "சாருலதா," என்று படித்தான்.

"மிதிகட்டையைத் திருப்பிடாதீங்க," என்று அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, படியிறங்கினாள்.

வீட்டில் புனர்பூஜை முடிந்து, கத்தியும் அரமும் மணையிலிருந்து இறங்கியிருந்தன. விசாலாக்ஷி கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, கொலுவில் செட்டியார் பொம்மைகளை ஒதுக்கி நடுவில் நிறுத்தினாள். சந்தனப் பேலாவில் ஆள்காட்டி விரலைத் தோய்த்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"வைக்கலாமோ?"

"தாராளமா வையுங்கோ," என்றாள் சாருலதா. "இது ஒண்ணுக்கு ஒண்ணு அளவு."